மூன்று கம்ப்யூட்டரும் இரண்டு பூவும்

ஆனியும் ஆடியுமாக அந்த இரண்டு மாதத்தில் ஒரே திரையை மூன்று தடவை செய்தேன். இடது பக்கம் நான்கு எண்கள், வலது பக்கம் ஒரு வளைகோடு, கீழே மூன்று பட்டன். பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான். மூன்று தடவையும் முதலிலிருந்து செய்தேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது பம்ப் டெஸ்டிங் திரை. கணபதி என்கிற பகுதியில் ஒரு பட்டறை. பட்டறை என்றுதான் எல்லோரும் சொல்வோம், கம்பெனி என்று பலகை வைத்திருந்தாலும். அங்கே செய்து முடித்த பம்ப்பைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற்றி, தண்ணீர் இறைக்க வைத்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வருவார்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதெல்லாம் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். கம்ப்யூட்டர் அதைக் கோடாகப் போடும். கோடு வைத்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த பம்ப் ரிஜெக்ட். இறங்காவிட்டால் ஒரு காகிதம் அச்சாகும். அந்தக் காகிதம் பம்ப்போடு பெட்டிக்குள் போகும். கோடு போடும் அந்த புரோகிராமை எழுதியது நான்.

நான் பத்தாவதைப் பாதியில் விட்டவள். அதே பட்டறையில் பேக்கிங்கில் சேர்ந்து, பில் அடிக்கும் இடத்துக்கு மாறி, உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்துப் பழகினேன். பட்டனை எடுத்துத் திரையில் வைத்தால் பட்டன் வரும். அதை இரண்டு தடவை தட்டினால், அது என்ன செய்ய வேண்டும் என்று எழுத இடம் வரும். அந்தக் காலத்து விண்டோஸ் டூல். அதில் செய்த டெஸ்டிங் புரோகிராம் ஒன்பது வருடம் ஓடியது. இப்போது வீட்டிலிருந்தபடியே இன்னும் மூன்று பட்டறைகளுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றால், இந்தப் பட்டறை முதலாளி, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், சொன்ன ஒரு வார்த்தையால்தான். அவர் என்னை விட்டுவிட்டால் மற்றவர்களும் விட்டுவிடுவார்கள். எங்கே படித்தீர்கள் என்று அவர் ஒருவர்தான் கேட்காதவர். கேட்கத் தேவையில்லை, அவருக்கே தெரியும்.

ஆனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அவர் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, வேலையா இருக்கறீங்ளா?"

"இல்லீங்ணா, சொல்லுங்க."

"டெஸ்டிங்ல இருந்த பொட்டி நின்னுபோச்சுங்க. தண்ணி தெறிச்சுத் தெறிச்சு உள்ள பூராம் துருவேறிக் கெடக்குது. வேற வாங்கிப்போட்டேன். அதுல லினக்ஸோ என்னமோ போட்டுக் குடுத்திருக்கறாங்க. நம்ம புரோகிராம் அதுல ஏறலீங்க."

"அது விண்டோஸ்ல மட்டுந்தான் ஓடுமுங்ணா."

"அதுதான் சொல்ல வந்தேன். ஆபீஸ்ல விண்டோஸ் இருக்குது. மருமக மேக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருக்குது, அதுலயும் பாக்கோணும்ங்குது. மூணுலயும் ஒரே மாதிரி வர்றாப்பல ஒண்ணு பண்ணிக் குடுத்துருங்க. ஆடி கழியட்டும். ஆவணி மொத முகூர்த்தத்துல பூசை போட்டு ஓட்டிரலாம். அதுவரைக்கும் டெஸ்டிங்ல மீட்டர் முள்ளப் பாத்துக் கையில எழுதிக்கறோம்."

"சேரிங்ணா."

"முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. ரெடிமேடா ஒண்ணு வெளிய விக்கறாங்க, அத வாங்கிப்போடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"முடியுமுங்ணா" என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது.

மூன்று கம்ப்யூட்டரிலும் ஓடுகிற மாதிரி ஒரே புரோகிராமை எழுத வேண்டுமென்றால், அதற்கென்று எழுதும் இடம் ஒன்று வேண்டும். அதில் எழுதி, அதில் ஓட்டிப் பார்த்து, அதிலேயே பொட்டலமாகக் கட்டி வெளியே எடுக்க வேண்டும். எது நல்லது என்று தேட உட்கார்ந்தால் ஒன்று இரண்டு இல்லை, முப்பது இருக்கும். ஒவ்வொன்றும் தான்தான் எல்லாவற்றிலும் ஓடுவேன் என்கிறது. காய்கறி மண்டியில் ஏலத்துக்கு நிற்கிற மாதிரி எல்லாப் பக்கமிருந்தும் கூப்பிடுகிறார்கள், ஒருவரும் கத்தரிக்காயைப் பிளந்து காட்டுவதில்லை.

முதலில் எடுத்தது ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, ஒரு பிரவுசரையே உள்ளே வைத்துக் கட்டிக் கொடுக்கிற முறை. இப்போது எல்லோரும் அதில்தான் செய்கிறார்கள் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். திரை அழகாக வந்தது. பட்டனுக்கு ஓரம் வளைந்து, நிழலெல்லாம் விழுந்தது. ஆனால் நான்கு எண்ணும் ஒரு கோடும் காட்டுவதற்கு ஒரு முழு பிரவுசரைச் சுமந்துகொண்டு போகிறது. டெஸ்டிங்குக்கு அண்ணன் வாங்கிய கம்ப்யூட்டர், யாரோ ஆபீஸிலிருந்து கழித்துப் போட்ட பழையது. இதைப் போட்டால் அதன் மூச்சு நிற்காதா? தொட்டித் தண்ணீர் ஓடும் சத்தத்தைவிட அதன் ஃபேன் சத்தம் அதிகமாகிவிட்டால்? பதினோரு நாள் வேலையைத் தூக்கிப் போட்டேன். அதைப் போய் அந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. பயத்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது சி பிளஸ் பிளஸ். பெரிய பெரிய புரோகிராமெல்லாம் அதில்தான் எழுதுகிறார்கள் என்றார்கள். அதற்கான டூலை இறக்கி வைக்கவே இரண்டு நாள். வைத்த பிறகு ஒரு உரிமப் பத்திரம் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். இப்படிச் செய்தால் இலவசம், அப்படிச் செய்தால் இல்லை, இப்படிக் கட்டினால் உன் புரோகிராமையும் திறந்து காட்ட வேண்டும், அப்படிக் கட்டினால் வேண்டாம். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் படித்தேன். படிக்கப் படிக்கக் கோர்ட் வாசலில் நிற்பது போல இருந்தது. பட்டறை அண்ணனுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வருகிற மாதிரியும், அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிற மாதிரியும் தோன்றியது. படித்தவர்களுக்கு அது ஒன்றுமில்லாத காகிதமாக இருக்கலாம். எனக்குப் புரியாத ஒன்றில் 'சரி' என்று அழுத்துவதற்கு விரல் வரவில்லை.

கேட்டுப் பார்க்கலாம் என்று இன்டர்நெட்டில் புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடும் ஓர் இடத்தில் கேள்வி போட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதை எழுத ஒரு காலைப்பொழுது பிடித்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு திரை, மீட்டரிலிருந்து வருகிற எண்ணைப் படிக்க வேண்டும், எதில் எழுதலாம்? முதலில் வந்தவர், இந்தக் காலத்தில் யார் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற புரோகிராம் எழுதுகிறார்கள், வெப்பில் செய் என்றார். அடுத்து வந்த இரண்டு பேர் தங்கள் தங்கள் கம்ப்யூட்டர் மொழிக்காக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்; நான் என்ன கேட்டேன் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவர் இதே கேள்வி ஏற்கனவே கேட்கப்பட்டிருக்கிறது என்று, யாரும் பதில் போட முடியாதபடி பூட்டிவிட்டுப் போய்விட்டார். ஏற்கனவே கேட்ட கேள்விக்குப் போய்ப் பார்த்தால் அதையும் பூட்டியிருந்தார்கள்.

ஆடி பிறக்கும்போது இரண்டு மொழிதான் மிச்சம். பைத்தான், பாஸ்கல். பைத்தானைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள், எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். ஆனால் எழுதியதை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகக் கட்டுவது பெரிய வேலை. பாஸ்கலுக்கு ஓர் இலவச டூல் இருக்கிறது. நான் பழகிய பழைய டூல் போலவே பட்டனை எடுத்து வைத்தால் வரும். விண்டோஸுக்கு, லினக்ஸுக்கு, மேக்குக்கு என்று தனித்தனியாகக் கட்டி, ஒரு ஃபைலாகக் கொடுத்துவிடலாம். ஆனால் பார்த்தவர்களெல்லாம் அது செத்த மொழி என்கிறார்கள். நாளைக்கு அந்த டூலையே எடுத்துவிட்டால் நான் எங்கே போவேன்? ஒரு நாள் இது, ஒரு நாள் அது. காலையில் முடிவு செய்வேன், சாப்பிட்டு எழுந்தால் மாறியிருக்கும். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து, "இன்னிக்கு எந்தக் கச்சி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு முடிவு எடுக்க முடியாவிட்டால் கோயிலில் பூக்கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். அம்மன் முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். அதுதான் வாக்கு. கிணறு வெட்ட, பெண் எடுக்க, நிலம் வாங்க எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். நான் ஆடி முதல் வெள்ளியன்று மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன்.

பூசாரி பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார்: "என்ன காரியமுங்க அம்மணி? பொண்ணு விசயமா, கெணறா?"

"வேலை விசயமுங்க."

"ரெண்டுல ஒண்ணா?"

"ஆமாங்க."

"எதுக்கு எதுன்னு மனசுல வெச்சுக்குங்க. எங்கிட்டச் சொல்ல வேண்டாம்."

சொல்லியிருந்தாலும் அவருக்கு என்ன புரிந்திருக்கும். சிவப்பு பைத்தான், வெள்ளை பாஸ்கல் என்று நினைத்துக்கொண்டேன். கும்பிட வந்திருந்த ஓர் அம்மாளை எடுக்கச் சொன்னார். பிரித்தார்கள். செவ்வரளி.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் எதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

"கெணத்துக்குப் பூக்கேப்பாங்க, கேட்டிருக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். "கம்ப்யூட்டருக்குப் பூக்கேட்டது இந்தக் கொங்கு நாட்டுலயே நீ ஒருத்திதாம் புள்ள."

"சத்தமாப் பேசாதீங்க."

"ஆத்தாளுக்குப் பைத்தான் தெரியுமா?"

"அவளுக்கு எல்லாந் தெரியும்."

"அப்ப அவளையே எழுதிக் குடுக்கச் சொல்லிப்போட்டு நீ சோறாக்கு."

பன்னிரண்டு நாள் பைத்தானில் எழுதினேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடியது. பட்டறை லினக்ஸில் கொண்டுபோய் வைத்தால், அது இல்லை இது இல்லை என்றது. இல்லை என்றதையெல்லாம் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோனால், அதில் ஒன்று இதற்குப் புதிதாக இருக்கிறது, இன்னொன்று பழையதாக இருக்கிறது என்றது. மேக்கிலோ, செய்தவர் யாரென்று தெரியாத புரோகிராம் என்று தடுத்து நிறுத்தியது. செய்தவள் யாரென்று யாருக்குத்தான் தெரியும்! பைத்தான்மேல் குற்றமில்லை. நன்றாகப் பழகியவர்கள் இதையெல்லாம் ஒரு நாளில் முடித்திருப்பார்கள். எனக்கு ஒவ்வொன்றும் புதிது. பிழை என்று திரையில் வந்த ஒவ்வொரு சிவப்பு எழுத்தும் ஆவணி முதல் முகூர்த்தத்திலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டு போனது.

பதினெட்டாம் பெருக்குக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லோரும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு ஊர்க் கோயிலுக்குப் போய் இன்னொரு தடவை பூக்கேட்டேன். அது வேறு அம்மன். அதனால் வேறு கணக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளை அரளி, அதாவது பாஸ்கல், வந்தது. வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் கோயிலிலேயே எது வர வேண்டும் என்று நான் நினைத்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாஸ்கலில் பத்து நாளில் முடிந்துவிட்டது. பட்டனை எடுத்து வைத்தேன், வந்தது. மீட்டர் எண் வந்தது. கோடு வந்தது. மூன்று கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாகக் கட்டினேன். மேக்கின் தடையைத் தாண்டும் வழியை அதற்குள் கற்றிருந்தேன்; அதில் எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, அதையும் சரி செய்தேன். ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது பட்டறைக்குப் போய் டெஸ்டிங் கம்ப்யூட்டரில் வைத்தேன். ஓட்டிப் பார்ப்பது ஆரம்பிப்பதாகாது, ஆடியில் செய்யலாம் என்று அண்ணனும் சொல்லியிருந்தார்.

டெஸ்டிங்கில் இருப்பது ஒரு பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அது வலது கையை வால்வுச் சக்கரத்திலிருந்து எடுக்காது. இடது கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். மடக்கிய விரல் முட்டியாலேயே பட்டனைத் தட்டும். ஒரு சுற்று மூடும், திரையைப் பார்க்கும், எண் நின்றதும் தட்டும், அடுத்த சுற்று மூடும். கிட்டத்தட்ட ஆடுகிற மாதிரி ஒரு தாளத்தில் போகும்.

"அக்கா, சிக்குனு இருக்குதுங்க இது" என்றது. "பழசவிட வெரசா வருது. நான் எதாச்சும் கொறை சொல்றதுக்குள்ள எழுதிக்கங்க, இன்னிக்கு ஒரு கொறையுமில்லை."

எனக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்குப் பிறகு மூச்சு வந்தது. அந்த நேரத்தில்தான் பட்டறை அண்ணன் வந்தார். ஒரு பம்ப் முழுவதும் நின்று பார்த்தார். காகிதம் அச்சாகி வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"நல்லாருக்குதுங்க. நல்லா ரோசனை பண்ணித்தான எடுத்தீங்க? நாளைக்கு அந்த டூலு நின்னுபோச்சு, இந்த டூலு நின்னுபோச்சுன்னு ஒண்ணும் வராதுங்ளே?"

"வராதுங்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குப் பதில் சின்னதாக வராது. அவர் நம்பாமல் போய்விடுவாரோ என்று பயந்து சொன்னேன்: "பூக்கூடக் கேட்டுட்டனுங்ணா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட! எந்தக் கோயில்லீங்க?"

"மேட்டுப்பாளையம் ரோட்டுலீங்க. அப்பறம்... உடுமலப் பக்கமும்."

"ரெண்டு எடத்துலயா? ரெண்டுலயும் ஒரே பூவா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு, பைத்தான், பன்னிரண்டு நாள், வெள்ளை, பாஸ்கல். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனதைப் பார்த்தேன், ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அவர் காகிதத்தை மடித்தார். "அம்மணி, மொதக் கோயில்ல வந்தது வாக்கு. அது பிடிக்காம இன்னொரு கோயிலுக்குப் போயிக் கேட்டது வாக்கு இல்லீங்க. அது பேரம்."

"அண்ணா, இது நல்லா ஓடுதுங்ணா. பாத்தீங்கல்ல?"

"இன்னிக்கு ஓடுதுங்க. வாக்கு மாத்திச் செஞ்சது எத்தன நாளைக்கு ஓடும்? எங்க அப்பாரு மொதல்ல பூவு வந்த எடத்துலதான் கெணறு வெட்டுனாரு. அக்கட்ட வெட்டலாம், இக்கட்ட வெட்டலாம்னு எத்தன பேரு சொன்னாங்க. கேக்கலியே."

வால்வைப் பிடித்திருந்த பெண் திரும்பாமலே கேட்டது: "தண்ணி வந்துச்சுங்களா முதலாளி?"

"வந்துச்சு. ரெண்டு வருசங் கழிச்சு வந்துச்சு."

அது உதட்டைக் கடித்துக்கொண்டு பம்ப்பைப் பார்த்தது.

"செவப்புல எழுதுனத முடிங்க" என்றார் என்னிடம். "எட்டு நாள் இருக்குதுங்கல்ல. நானு வெளிய வாங்கறேன்னு சொல்லலீங்க. ஆனா பூவுக்கு மாறா ஒண்ண என்ற பட்டறையில பூசை போட்டு வெக்க முடியாதுங்க. வெசனப்படாதீங்க, வந்துரும்."

கவலைப்படாதே என்று என்னிடம் சொல்வது, ஈரத்தில் நனையாதே என்று தொட்டியிடம் சொல்வது போல. பஸ்ஸில் வரும்போது அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களெல்லாம் எனக்கு வந்தன. கிணறு வேறு, கம்ப்யூட்டர் வேறு. அம்மன் வால்வைப் பிடித்து நிற்கப் போவதில்லை. உங்கள் மருமகளிடம் கேளுங்கள். ஒன்றையும் அவர் முன்னால் சொல்லவில்லை, ஏனென்றால் பூக்கேட்டது அவரில்லை. நான். என் பக்கத்து நியாயம் எதைச் சொன்னாலும், அப்புறம் எதற்குக் கேட்டீர்கள் என்ற ஒரு கேள்வியில் நின்றுவிடும். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவளாக இருந்தும், கேட்டுவிட்டு மாற்றக்கூடாது என்பது தெரியாமலா இருந்தது? இரண்டாவது கோயிலுக்கு யாருக்கும் தெரியாமல்தானே போனேன்.

எட்டு நாளும் காலை ஐந்து மணியிலிருந்து பைத்தானோடு மல்லுக்கு நின்றேன். வீட்டுக்காரர் கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டார்; அது இன்னும் பயமாக இருந்தது. ஏழாவது நாள் மூன்று கம்ப்யூட்டரிலும் எப்படியோ திறந்தது. எப்படித் திறந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பென் டிரைவில் அதைப் போட்டேன். பக்கத்திலேயே பாஸ்கலில் செய்ததையும் போட்டுக்கொண்டேன்.

ஆவணி முதல் முகூர்த்தம். காலையில் நல்ல நேரம் ஒரு மணி நேரம்தான். டெஸ்டிங் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தொட்டி விளிம்பில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பட்டறை முழுவதும் வந்து நின்றது. அண்ணன் சூடம் ஏற்றிக் காட்டிவிட்டு, "தட்டுங்க அம்மணி" என்றார். தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டியிருந்தேன். அது ஒவ்வொரு தடவையும் உள்ளே தன்னைப் பிரித்துக்கொண்டுதான் திறக்கும். சூடம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"வருமுங்களா?" என்றார்.

"வருமுங்ணா. உள்ள பிரிச்சிட்டு இருக்குதுங்க."

"பொடவக் கடையாட்டப் பிரிக்குதுங்க" என்றது டெஸ்டிங் பெண், மெதுவாக. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சூடம் அணைந்த பிறகு திரை வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பம்ப்பை ஓட்டினார்கள். அந்தப் பெண் வால்வை ஒரு சுற்று மூடியது. எண் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து அசைந்தது. இன்னொரு சுற்று மூடியது. மீட்டரைப் படிப்பதையும் கோடு போடுவதையும் நான் ஒரே வரிசையில் எழுதியிருந்தேன். கோடு நீள நீள எண் பின்தங்கியது. எட்டு நாளில் எனக்கு அவ்வளவுதான் முடிந்தது.

"அக்கா" என்றது, இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நான் மூணாஞ் சுத்துல நிக்கறேன், இது இன்னும் மொதச் சுத்துலயே நிக்குது. இதப் பாத்து நான் வால்வு மூடுனன்னா, நல்ல பம்ப்பு பூராம் ரிஜெக்ட்டுதான். அப்பறம் என்னையத் திட்டப்படாது, சொல்லிப்போட்டேன்."

தண்ணீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. நான் அண்ணனைப் பார்க்கவில்லை, எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடம் முடிந்தது என்று நினைத்தேன். ரெடிமேட் விற்பவர் இந்நேரம் எந்த ஊரில் இருப்பார் என்றுகூட நினைத்தேன்.

அவர் திரையைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அந்த வெள்ளப்பூ இருக்குதுங்ளா?" என்றார்.

"பென் டிரைவ்ல இருக்குதுங்ணா."

"இருக்கட்டும்." நிமிர்ந்தார். "கண்ணு, எத்தன நேரமானாலுஞ் சேரி, இந்த ஒரு பம்ப்ப மெதுவா ஓட்டி ஒரு காயிதம் எடு."

ஒவ்வொரு சுற்றுக்கும் எண் வந்து சேரும்வரை அந்தப் பெண் நின்றது. காகிதம் அச்சாகி வந்தது. அவர் அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். "செவப்புல ஆரம்பிச்சாச்சு. ஆத்தா சொன்னது நடந்துபோச்சு. இனி அவ சும்மா இருப்பா." என்னிடம் திரும்பினார். "நல்ல நேரம் முடிஞ்சதும் அதப் போட்டு விடுங்க."

பட்டறை என் கையை விட்டுப் போகவில்லை. பென் டிரைவை எடுத்து, சிவப்பை அழித்துவிட்டு வெள்ளையை வைக்கப் போனேன்.

"அய்யய்யோ, என்ன பண்றீங்க?" என்றார். "செவப்ப எடுத்துப்போடாதீங்க. அது இருக்கோணும். தெனமும் மொதக் காயிதம் அதுலதான் எடுக்கோணும். அதுக்கப்பறம் வெள்ளையில ஓட்டிக்கட்டும்."

அன்றிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. மூன்று கம்ப்யூட்டருக்கு ஒரு புரோகிராம் என்று கேட்டார்கள், மூன்று கம்ப்யூட்டருக்கு இரண்டு புரோகிராம் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். சிவப்பு, வெள்ளை என்ற பெயர்கூட அப்படியே நின்றுவிட்டது. திரையில் ஒரு சிவப்புப் படம், ஒரு வெள்ளைப் படம். புதிதாக ஒரு மீட்டர் மாட்டினால், காகிதத்தில் ஒரு வரி கூட்டச் சொன்னால், எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுத வேண்டும். வெள்ளையில் காப்பி ஆறுவதற்குள் முடியும். சிவப்பில் இரண்டு நாள். மீட்டர் படிப்பதையும் கோடு போடுவதையும் பிரித்து எழுதி, முன்னைவிட அதைப் பரவாயில்லாமல் செய்துவிட்டேன். ஆனாலும் லினக்ஸில் எதையாவது புதுப்பித்தால் மறுநாள் அதற்கு ஒரு நோவு வருகிறது. மற்ற மூன்று பட்டறைக்கும் வெள்ளை மட்டும்தான். அங்கே யாரிடமும் நான் பூவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"மூணாவதா ஒரு கோயிலுக்குப் போயி, செவப்ப எடுத்துப்போடலாமான்னு கேட்டுப்போட்டு வாயேன்" என்கிறார் வீட்டுக்காரர். அது கேலியா இல்லை நிஜமாகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. நான் போகவில்லை. எந்தப் பூ வந்தாலும் என்னால் தாங்க முடியாது.

போன வாரம் காலை எட்டரை மணிக்கு டெஸ்டிங் பெண் போன் செய்தது. "அக்கா, செவப்பு தொறக்க மாட்டேங்குதுங்க. ஏழு பம்ப்பு வரிசையில நிக்குது."

"வெள்ளை தொறக்குதா கண்ணு?"

"அது அப்பவே தொறந்து கெடக்குதுங்க. முதலாளி ஊருக்குப் போயிருக்கறாரு. மொதக் காயிதத்த வெள்ளையிலயே எடுத்துப்போடட்டுங்களா? ஆருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியப்போவதில்லைதான். எடு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, பட்டறைக்குப் போகக் காந்திபுரம் பஸ்ஸுக்கு ஓடினேன்.